கடைக்குக் காவல் நிற்பவருக்குச் சட்டம் உண்டு. தாயின் கட்டிலருகே நிற்பவருக்கு?



சென்ற ஆண்டு கடலோர ஊர் ஒன்றில் ஒரு பெரியவரின் ஜனாஸாவைக் குளிப்பாட்ட என்னை அழைத்தார்கள். ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. மையித்தைக் குளிப்பாட்டுகிறவர் அங்கே கண்டதை வெளியில் சொல்லக் கூடாது என்பது நமக்குக் கற்றுத் தரப்பட்ட ஒழுங்கு. ஆனால் அவருடைய மூத்த மகனே மூன்றாம் நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஹஜ்ரத், எங்க வாப்பாவுக்கு நடந்தது இன்னொரு வாப்பாவுக்கு நடக்கக் கூடாது. பெயரைப் போடாம நீங்க எழுதுங்க" என்றார். அதனால் எழுதுகிறேன்.

உடலை ஒருக்களித்தபோது, முதுகெலும்பு முடியும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு புண். உள்ளே எலும்பு தெரிந்தது. இரண்டு குதிகால்களிலும் கறுத்துப்போன இரண்டு புண்கள். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் செம்பைக் கீழே வைத்துவிட்டார். எத்தனையோ மையித்துகளைக் குளிப்பாட்டியவர் அவர்.

அந்தப் பெரியவர் பக்கவாதம் வந்து ஒன்றரை ஆண்டு படுக்கையில் இருந்தார். மனைவி முன்பே மவுத்தாகிவிட்டார். ஒரு மகன் ஷார்ஜாவில். இன்னொருவர் சென்னை மண்ணடியில் கடை வைத்திருக்கிறார். மகள் வெளியூரில் வாழ்க்கைப்பட்டவர். பெற்றோரைக் கைவிட்ட பிள்ளைகள் என்று அவர்களை யாரும் சொல்ல முடியாது. வீட்டிலேயே வைத்துப் பார்க்க வேண்டும், இல்லத்தில் கொண்டுபோய் விடக் கூடாது என்று முடிவெடுத்து, ஒரு ஏஜென்சியிடம் ஆள் கேட்டார்கள். மாதம் 28,000 ரூபாய் தவறாமல் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு நாளும் இஷாவுக்குப் பிறகு இரண்டு மகன்களும் வீடியோவில் வாப்பாவைப் பார்த்தார்கள். கேமரா முகத்தைக் காட்டியது. முதுகை யார் காட்டுவார்?

உடனே "அந்த ஆளை என்ன செய்தார்கள்?" என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அந்த ஆள் 22 வயது இளைஞர். ஜனாஸா தொழுகை நடந்தபோது பள்ளிக்கு வெளியே செருப்புகளின் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தார். அதற்கு முன்பு ஓர் ஓட்டல் சமையலறையில் வேலை பார்த்தவர். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்று உனக்கு யாராவது சொன்னார்களா என்று கேட்டேன். இல்லை என்றார். சோறு ஊட்டவும், துணி மாற்றவும், மாத்திரை கொடுக்கவும் சொன்னார்களாம். ஏஜென்சி கொடுத்தது ஒரு நீலச் சட்டையும் ஓர் அடையாள அட்டையும்தான். பதினொரு மாதத்தில் ஏஜென்சியிலிருந்து ஒருவரும் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பகலும் இரவும் வேலை, வாராந்திர விடுமுறை கிடையாது. 28,000 ரூபாயில் அவர் கைக்கு வந்தது 16,000. புண் வந்தது அவருக்குத் தெரியும். மருந்துக் கடையில் களிம்பு வாங்கித் தடவியிருக்கிறார். தொலைபேசியில் ஏஜென்சியிடம் சொன்னதற்கு, "வீட்டுக்காரர்களிடம் சொல்லிப் பயமுறுத்தாதே" என்று பதில் வந்ததாம்.

சரி, அந்த ஏஜென்சி எந்தச் சட்டத்தை மீறியது? இந்தக் கேள்வியோடு ஒரு வழக்கறிஞரிடம் போனோம். நஷ்டஈடு கேட்டு நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம், கவனக்குறைவு என்று காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கலாம் என்றார். ஆனால் "பயிற்சி இல்லாத ஆளை அனுப்பினாய், உன் உரிமத்தை ரத்து செய்கிறேன்" என்று சொல்ல ஓர் அதிகாரி வேண்டுமே, அவர் யார் என்று கேட்டோம். வழக்கறிஞர் சிரித்தார். ரத்து செய்ய முதலில் உரிமம் என்று ஒன்று இருக்க வேண்டாமா!

வியாபாரிகளே, உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். உங்கள் கடை ஷட்டருக்கு முன்னால் இரவில் ஒரு வாட்ச்மேன் நிற்க வேண்டுமென்றால், அவரை அனுப்பும் நிறுவனத்துக்கு உரிமம் வேண்டும். 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் அதைச் சொல்கிறது. அந்த வாட்ச்மேனின் முன்நடத்தை சரிபார்க்கப்பட வேண்டும். அவர் பயிற்சி பெற வேண்டும். மத்திய அரசு 2006-இல் வெளியிட்ட மாதிரி விதிகள் வகுப்பறையில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம் என்று கணக்குப் போட்டுச் சொல்லின. தெருமுனையில் சமோசா போடுகிறவர்கூட உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். இரும்புக் கதவுக்கும் சமோசாவுக்கும் இத்தனை அக்கறை. பேச முடியாத, எழுந்து உட்கார முடியாத நம் உம்மாவின் அறைக்குள் முன்பின் தெரியாத ஒருவரை அனுப்பி வைக்கிற நிறுவனத்துக்கு மட்டும் ஒரு பெயர்ப் பலகையும் ஒரு செல்போன் எண்ணும் போதும்!

"ஹோம் நர்ஸ்" என்ற பெயரே ஓர் ஏமாற்று. நர்ஸ் என்றால் முறையாகப் படித்து, மாநில நர்ஸிங் கவுன்சிலில் பெயரைப் பதிந்தவர். இந்த மாகாணத்தில் நர்ஸுகளுக்கும் தாதியருக்கும் 1926-லேயே சட்டம் வந்துவிட்டது. நம் வீடுகளுக்கு வரும் ஹோம் நர்ஸ்களில் எத்தனை பேரிடம் அந்தப் பதிவு இருக்கிறது என்று நாம் கேட்டதுண்டா? நிக்காஹ் பேசும்போது மாப்பிள்ளையின் மூன்று தலைமுறையை விசாரிக்கிறோம். உம்மாவுக்கு இன்சுலின் ஊசி போடுகிறவரின் சான்றிதழைப் பார்ப்பதில்லை.

முதியோருக்காகச் சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம். பிள்ளைகள் கவனிக்காவிட்டால் பெற்றோர் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கேட்கலாம். கவனித்துக்கொள்வார் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, கவனிக்காவிட்டால் ரத்து செய்யவும் கேட்கலாம். நல்ல சட்டம்தான். ஆனால் அது பார்ப்பது பணம் கொடுக்காத பிள்ளையை. மாதாமாதம் பணம் கொடுத்தும் ஏமாந்துபோன பிள்ளைக்கு அதில் வழி இல்லை.

இந்த ஓட்டையை அடைக்க ஒரு முயற்சி நடந்தது. அதே சட்டத்தைத் திருத்த 2019-இல் மக்களவையில் ஒரு மசோதா வந்தது. வீட்டுக்கு வந்து முதியவரைப் பராமரிக்கும் சேவை என்றால் என்ன என்று அதில் இலக்கணம் வகுத்தார்கள். அந்தச் சேவையை நடத்தும் நிறுவனம் பதிவு செய்ய வேண்டும், பயிற்சியும் சான்றும் பெற்றவர்களையே வேலைக்கு வைக்க வேண்டும், அவர்களைப் பற்றிக் காவல்துறை சரிபார்க்க வேண்டும் என்று எழுதினார்கள். மசோதா நிலைக்குழுவுக்குப் போனது. குழுவின் அறிக்கை 2021-இல் வந்தது. அதோடு சரி. 2024 ஜூனில் மக்களவை கலைக்கப்பட்டபோது, நிறைவேறாமல் கிடந்த அந்த மசோதாவும் காலாவதியாகிவிட்டது.

அது அறிமுகமான நாள் எது தெரியுமா? 2019 டிசம்பர் 11. குடியுரிமைத் திருத்த மசோதா மாநிலங்களவையில் நிறைவேறிய அதே நாள். அன்று நாம் எந்தத் தெருவில் நின்றோம் என்று நமக்குத் தெரியும், நின்றது சரிதான். ஆனால் பிறகு நாலரை ஆண்டு அந்த இன்னொரு மசோதா நாடாளுமன்றத்தில் கிடந்ததே, அப்போதும் நாம் அதைப் பற்றி ஒரு வரி பேசவில்லை. இந்தப் பேனாவும் எழுதவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

இதை மற்ற ஊர்களின் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். 2011 கணக்கெடுப்பில் தமிழகத்தில் 100 பேரில் 10 பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். 2021-க்கான அரசு மதிப்பீடு 13-ஐத் தாண்டியது. பிள்ளைகள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிற சகோதர சமயத்தவரின் வீடுகளிலும் இதே நிலைதான். ஆனால் கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் பகலில் தெருவில் நடந்து பாருங்கள். உழைக்கும் வயது ஆண்கள் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். பெரிய வீடு, உயர்ந்த திண்ணை, உள்ளே ஒரு முதியவரும் ஏஜென்சி அனுப்பிய ஓர் ஆளும்.

சட்டம் வேண்டும் என்று சொன்னதும் வியாபாரிகள் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. "லைசென்ஸ் என்றால் லஞ்சம், ஹஜ்ரத். செலவு ஏறும், கடைசியில் நம் தலையில்தான் விழும்" என்று ஒரு நண்பர் சொன்னார். அவர் சொல்வதில் பாதி உண்மை. பயிற்சி பெற்ற ஆளுக்குக் கூடுதல் சம்பளம் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஏற்கெனவே 28,000 கொடுத்தவர்கள்தானே அந்த மகன்கள்? நடுவில் போன 12,000 ரூபாய்க்கு ஏஜென்சி என்ன செய்தது என்று கேட்க ஒரு சட்டம் இருந்திருந்தால், அந்தப் பணத்திலேயே மாதம் இரண்டு முறை ஒரு நர்ஸ் வந்து முதுகைப் பார்த்திருக்க முடியும்.

இன்னொரு அச்சம் நியாயமானது. வீட்டுக்குள் அதிகாரிகள் நுழைவதா? நம் பெண்கள் இருக்கும் வீட்டுக்குள் யார் யாரோ வருவதா? பக்கத்து வீட்டு மாமி வந்து கஞ்சி ஊட்டினால் அவரும் லைசென்ஸ் எடுக்க வேண்டுமா? இல்லை. இங்கிலாந்தில் 2009 முதல் ஓர் ஆணையம் இந்த வேலையைச் செய்கிறது. பதிவு செய்யாமல் இந்தத் தொழிலை நடத்துவது அங்கே குற்றம். ஆனால் ஒரு குடும்பம் தானே நேரடியாக ஒருவரை வேலைக்கு வைத்துக்கொண்டால் அந்த ஆணையம் தலையிடுவதில்லை. ஏஜென்சியைத்தான் அது பிடிக்கிறது: பதிவேடு எங்கே, பயிற்சி எங்கே, பொறுப்பான மேலாளர் யார், வந்த புகாருக்கு என்ன செய்தாய் என்று. அந்த அறிக்கையை யாரும் படிக்கலாம். ஷார்ஜாவில் இருக்கும் மகனும் படிக்கலாம்! அங்கேயும் எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல மாட்டேன். உள்ளாட்சி கொடுக்கும் பணம் போதாமல், கால் மணி நேரத்தில் வந்து அவசர அவசரமாக உடம்பைத் துடைத்துவிட்டுப் போகிறார்கள் என்ற புகார் அந்த நாட்டில் பலகாலமாக உண்டு. சட்டம் மட்டும் இருந்து காசு இல்லாவிட்டால் அப்படித்தான் ஆகும். ஜெர்மனியில் 1995 முதல் இதற்கென்றே கட்டாயக் காப்பீடு இருக்கிறது. அங்கே உறவினர்களே பராமரித்து உதவித்தொகை வாங்கினாலும், குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு பயிற்சி பெற்றவர் வீட்டுக்கு வந்து ஆலோசனை சொல்லிவிட்டுப் போவார். அவர் வருவது கைது செய்ய அல்ல, கற்றுக்கொடுக்க. அந்த 22 வயது இளைஞருக்கு அப்படி ஒருவர் ஒரே ஒரு தடவை வந்திருந்தால் போதாதா?

அவ்வளவு தூரம் போவானேன், மலப்புரத்தைப் பாருங்கள். 2001-இலிருந்து அந்த மாவட்டத்தில் சாதாரண மக்களே, வியாபாரிகளும் மாணவர்களும் கூலித் தொழிலாளர்களும், சிறுசிறு தொகை போட்டு, தாங்களும் பயிற்சி எடுத்துக்கொண்டு, படுக்கையில் கிடப்பவர்களின் வீடுகளுக்கு நர்ஸோடு போய்வருகிறார்கள். 2008-இல் கேரள அரசு நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கென்றே கொள்கை அறிவித்தது, உள்ளாட்சிகளும் அதில் இறங்கின. தமிழகத்திலும் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கி, ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மாத்திரை கொடுக்கவும், படுக்கையில் கிடப்போரைப் பார்க்கவும் ஊழியர்கள் வீடு தேடி வந்தார்கள். ஆகவே வீட்டு வாசலுக்குப் புதிதாக ஒரு இன்ஸ்பெக்டரை அனுப்ப வேண்டியதில்லை. தெருவுக்குத் தெரிந்த அந்தப் பெண் ஊழியர், முதியவரின் சம்மதத்தோடு உள்ளே போய் முதுகையும் குதிகாலையும் பார்த்து, ஏஜென்சி ஆள் இருக்கும் வீடுகளைப் பற்றி மாவட்ட அதிகாரிக்கு ஒரு தாளில் எழுதி அனுப்பட்டும். மற்ற சோதனைகள் எல்லாம் ஏஜென்சியின் அலுவலகத்தில் நடக்கட்டும்.

இதற்கு டெல்லியை எதிர்பார்த்துக் காத்திருக்கவும் தேவையில்லை. பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. தனியார் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்த மத்திய அரசு 2010-இல் சட்டம் போட்டது. தமிழகம் 1997-லேயே போட்டுவிட்டது. அன்று முந்திக்கொண்ட சட்டமன்றம்தான் இது.

அந்தச் சட்டம் வரும்போது நம் பக்கத்துக்கு மட்டும் சாதகமாக இருக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்கு வருபவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளை. ஆள் அனுப்புகிறவர் எவ்வளவு பிடித்துக்கொள்கிறார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். இரவும் பகலும் ஒருவரே என்றால் அவர் எப்போது தூங்குவார்? தூங்காதவர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எப்படித் திருப்பிப் போடுவார்? கூலியைப் பற்றிய நபிமொழியை மேடையில் சொல்லாத ஆலிம் நம்மில் இல்லை. ஆனால் ஹோம் நர்ஸாக வந்த பெண் பெருநாளைக்கு ஊருக்குப் போக இரண்டு நாள் கேட்டால் முகத்தைத் திருப்புகிறோம். வளையல் காணவில்லை என்றதும் முதலில் அவள் பெட்டியைத்தான் திறக்கிறோம். பிறகு வளையல் தலையணை உறைக்குள் கிடைத்த கதைகள் எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். யாரும் அவளிடம் மன்னிப்புக் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை. தமிழகத்தில் வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கு 2007-இல் நலவாரியம் அமைக்கப்பட்டது. வீட்டுத் தொழிலாளர்களுக்குச் சட்டப் பாதுகாப்புக் கொண்டுவருவதை ஆராயக் குழு அமைக்கும்படி உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் மத்திய அரசிடம் சொன்னது. பராமரிப்பு வேலைக்கு வருபவர்களையும் அந்தக் கணக்கில் சேர்க்கச் சொல்லிக் கேட்பது நம் கடமை.

சட்டம் வரும்வரை என்ன செய்வது? குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது என்று மதரஸாவில் ஓதும் பிள்ளையைக் கேளுங்கள். தொழுகையைப் பற்றியது அல்ல. கொடுக்கல் வாங்கலை எழுதி வையுங்கள், சாட்சி வையுங்கள் என்பதைப் பற்றியது. கடை வாடகைக்கு முத்திரைத் தாளில் எழுதுகிற நாம், உம்மாவைப் பார்த்துக்கொள்ள வருபவர் விஷயத்தில் மட்டும் வாய்ச்சொல்லை நம்பலாமா? ஒரே ஒரு தாள் போதும். வருகிறவரின் பெயர், ஊர், அடையாளச் சான்றின் நகல். என்னென்ன வேலை அவருடையது, எது அவர் செய்யக் கூடாதது. தூங்கும் நேரம், விடுமுறை நாள். அவர் கைக்குப் போகும் சம்பளம் எவ்வளவு, ஏஜென்சிக்கு எவ்வளவு. ஏஜென்சியிலிருந்து யார், எத்தனை நாளைக்கு ஒருமுறை வந்து பார்ப்பார். இதில் கையெழுத்துப் போட மறுக்கும் ஏஜென்சியை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். இளைஞர்களே, உங்களுக்கும் வேலை இருக்கிறது. உங்கள் முஹல்லாவில் படுக்கையில் கிடப்பவர்கள் யார் யார், அவர்களில் யார் வீட்டில் வெளி ஆள் பராமரிப்பில் இருக்கிறார்கள் என்ற பட்டியல் ஜமாஅத் அலுவலகத்தில் இருக்கிறதா? சந்தாப் பாக்கிப் பட்டியல் மட்டும் இருக்கிறது! வாரத்துக்கு ஒருமுறை, ஆண்களுக்கு இருவர், பெண்களுக்கு இரு பெண்கள், முன்னறிவிப்பு இல்லாமல் போய் ஸலாம் சொல்லிவிட்டு, கட்டிலருகே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அருகில் உள்ள அரசு மருத்துவமனையில் ஒரு நர்ஸிடம் ஒரு மணி நேரம் கேட்டால் திருப்பிப் படுக்க வைப்பதையும், புண்ணின் முதல் அடையாளமான சிவப்பையும் காட்டித் தருவார்கள். முதியோர் உதவி எண் 14567 என்பதைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுங்கள்.

சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுப்பதற்கான மனு தயாராகிறது. முதல் கையெழுத்து அந்தப் பெரியவரின் மூத்த மகனுடையது. இரண்டாவது கையெழுத்து யாருடையது என்று கேட்டால் சிலர் கோபப்படலாம். வாப்பாவைப் பார்த்துக்கொண்ட அந்த இளைஞருடையது. கையெழுத்துப் போடும்போது, இனி இந்த வேலைக்கு வர மாட்டேன், ஆனால் யாராவது கற்றுக்கொடுத்தால் வருவேன் என்றார்.